கேரவனுக்குள் எல்இடி: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

கேள்வி, ஜனவரி 11

பழைய கேரவன் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உள்ளே எல்லாமே குண்டு பல்பு. இரவு கொஞ்ச நேரம் எரித்தாலே காலையில் தண்ணீர் பம்பு முனகுகிறது. எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றிவிடப்போகிறேன். இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தருவதாகப் பார்த்து மொத்தமாக வாங்கிவிட்டால் போதும் அல்லவா? மின்சாரம்தான் மிச்சமாகிறதே, அப்புறம் எதற்குக் கணக்கு?

ஜனவரி 11

மாற்றலாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தருவது கட்டாயம் வேண்டாம். விவரம் நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 12

நீங்கள் வேண்டாம் என்ற கணக்கையே முதலில் போடுகிறேன்.

கேரவன் கூரைகளில் அதிகம் காணப்படுவது 1141 என்று எண் பொறித்த பல்பு. 12.8 வோல்ட்டில் 1.44 ஆம்பியர் இழுக்கும். ஏறக்குறைய 18 வாட். கண்ணாடி அடிப்பாகத்தை அப்படியே செருகும் 921 வகையும் 1.4 ஆம்பியர்தான். ஆறு பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் 43 ஆம்பியர்-மணி காலி. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் அதன் ஆயுளைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 50. பம்பு முனகாமல் என்ன செய்யும்?

அதே ஆறு இடத்திலும் இரண்டரை வாட் எல்இடி இருந்தால் ஆளுக்கு 0.2 ஆம்பியர். ஐந்து மணி நேரத்துக்கு மொத்தம் 6 ஆம்பியர்-மணி. இதற்கு மேல் எல்இடிக்கு வக்காலத்து தேவையில்லை.

ஆனால் இந்த லாபம் மணிக்கணக்கில் எரியும் விளக்குக்கு மட்டும்தான். துணி அலமாரிக்குள் இருக்கும் பல்பு ஒரு நாளில் எத்தனை நிமிடம் எரிகிறது? அதை மாற்றினால் பேட்டரிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரு வாரம் சாதாரணமாக வாழ்ந்து பாருங்கள். எந்தச் சுவிட்சுக்குக் கை தானாகப் போகிறதோ அந்த விளக்குகளை மாற்றுங்கள். மற்றவை பியூஸாகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 12, இரவு

இன்னொருவர் கேட்கிறார்: “குண்டு பல்பிலேயே கொஞ்சம் பெரியதைப் போட்டால் என்ன? 1156 அதே ஹோல்டரில் உட்காருகிறதே.”

உட்காரும். இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான். ஆனால் 1156 இழுப்பது 2.1 ஆம்பியர், 27 வாட். அது வண்டியின் பின்புற சிக்னலுக்காகச் செய்த பல்பு. விட்டுவிட்டு எரிவது அதன் பிழைப்பு. 18 வாட்டுக்கு வார்த்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அதை மணிக்கணக்கில் எரித்தால் கிண்ணம் முதலில் பழுப்பாகும், பிறகு குழையும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கூரை விளக்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல்புக்கு நேர் மேலே காபி நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் சிறு கொப்புளம், ஹோல்டரின் வில் துருப்பிடித்துத் தளர்ந்து கிடப்பது, இவை மூன்றும் இருந்தால் யாரோ 1156 போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அந்த ஹோல்டரில் எல்இடியைச் செருகினாலும் வண்டி குலுங்கும்போதெல்லாம் கண் சிமிட்டும். பல்பின் மேல் பழியைப் போடாமல் ஹோல்டரை மாற்றுங்கள்.

ஜனவரி 14

இனி இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். பெட்டியில் ‘12 வோல்ட்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

கேரவனில் 12 வோல்ட் என்பது பேச்சுக்குத்தான். நன்றாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் ஈய அமில பேட்டரி 12.6, 12.7 காட்டும். சார்ஜர் ஓடும்போது 13.6 வரும். சூரியத் தகடோ நல்ல சார்ஜரோ முழு மூச்சில் ஏற்றும்போது 14.4 வரை போகும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் 14.6 கூடப் பார்ப்பார்கள். குண்டு பல்பு இதற்கெல்லாம் கவலைப்படாது. கொஞ்சம் அதிகமாக எரியும், ஆயுளில் கொஞ்சம் இழக்கும், அவ்வளவுதான்.

மலிவான எல்இடிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று வெள்ளை எல்இடி வரிசையாக, கூடவே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர். ஒரு எல்இடிக்கு ஏறக்குறைய 3.1 வோல்ட் என்று வைத்தால் மூன்றுக்கும் 9.3. மீதி 2.7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்குகிறது. இது 12 வோல்ட்டில். 14.4 வரும்போது எல்இடியின் பங்கு அதிகம் மாறுவதில்லை; ரெசிஸ்டர் மேல் விழுவது 5.1. அதாவது மின்னோட்டம் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு. பேட்டரியில் இரண்டு வோல்ட் ஏறியதற்கு எல்இடி இரண்டு மடங்கு தண்டனை அனுபவிக்கிறது. வெப்பம் ஏறுகிறது, மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் கருகுகிறது, நீலம் பாரிக்கிறது, பிறகு ஒவ்வொரு மூன்றாக அணைகிறது. ‘எல்இடி ஐம்பதாயிரம் மணி நேரம் உழைக்கும் என்றார்கள், ஒரு பருவம் தாங்கவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான் என்பது என் எண்ணம்.

வாங்க வேண்டியது ‘10 முதல் 30 வோல்ட்’ என்று குறித்த பல்பு. இப்படி ஓர் எல்லை போட்டிருந்தால் உள்ளே மின்னோட்டத்தைக் கட்டிப்பிடிக்கும் டிரைவர் சில்லு இருப்பதாகக் கொள்ளலாம். பேட்டரி 11.8க்கு இறங்கினாலும் 14.6க்கு ஏறினாலும் வெளிச்சம் அசையாது. பெட்டியில் எழுதியதை நம்பாதவர்களுக்குச் சோதனையும் சுலபம்: சார்ஜர் இல்லாமல் ஒருமுறை, சார்ஜர் முழு வேகத்தில் ஓடும்போது ஒருமுறை, பல்பு வழியாகப் போகும் ஆம்பியரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். வோல்ட் ஏறும்போது டிரைவர் உள்ள பல்பில் ஆம்பியர் சற்று இறங்கும். ரெசிஸ்டர் பல்பில் ஏறும். அரை நிமிட வேலை.

ஜனவரி 14, பின்குறிப்பு

பழைய வண்டிகளில் இருக்கும் ஆதிகாலத்து கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) நேர்த்தியான நேர்மின்சாரம் தருவதில்லை, மேடும் பள்ளமுமாகத் தருகிறது. பேட்டரி அதைத் தாலாட்டிச் சமன் செய்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு கன்வெர்ட்டரை மட்டும் நம்பி எல்இடி எரிக்காதீர்கள்.

ஜனவரி 17

எவ்வளவு வெளிச்சம் போதும் என்ற கேள்வி. இதற்கு வெளிச்சத்தின் அலகான லுமனில் பதில் சொல்ல முடியும். 1141 பல்பு 21 கேண்டில்பவர். லுமனில் ஏறக்குறைய 264. அதுவும் 12.8 வோல்ட்டில். குண்டு பல்பு வோல்ட் இறங்கும்போது சடசடவென்று மங்கும். 12 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். ஆகவே நீங்கள் இத்தனை நாள் குடித்தனம் நடத்தியது 210 லுமனில். 250 லுமன் எல்இடி போட்டாலே ‘ஆஹா’ என்பீர்கள்.

சிலர் பல்பு ஒன்றுக்கு 600 லுமன் போட்டுவிட்டு, கண் கூசுகிறது என்று மூடிக்குள் காகிதம் ஒட்டுகிறார்கள். கேரவன் கூரை தலைக்கு மேல் ஒரு முழம்தான். வீட்டுக் கூரைக்குப் போட்ட கணக்கு அங்கே எடுபடாது.

பல்பின் வடிவமும் முக்கியம். சோளக்கதிர் போலச் சுற்றிலும் எல்இடி பதித்த வகை வேண்டாம். மூடி தட்டையானது, கீழே பார்ப்பது. கதிரின் பாதி வெளிச்சம் மேலேயும் பக்கவாட்டிலும் வீணாகிறது. சதுரத் தட்டில் எல்இடி பதித்து, முதுகில் பசை வைத்து, சின்ன ஒயரின் முனையில் ஹோல்டருக்குள் செருகும் அடிப்பாகம் தரும் வகை இருக்கிறது. அதைத்தான் சொல்வேன். கிண்ணத்தின் உலோக அடித்தட்டில் ஒட்டினால் வெப்பமும் அதன் வழியே இறங்கிவிடும்.

ஜனவரி 18

நிறம். அதைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலச் சாயல். எல்லா இடத்துக்கும் 3000 கெல்வின். விவாதம் வேண்டாம்.

ஜனவரி 23

விவாதம் வந்துவிட்டது. “அடுப்பு மேடையில் 3000 கெல்வின் போட்டால் கத்தி எங்கே, விரல் எங்கே என்று தெரியவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். அங்கே 4000 வைப்பதில் தப்பில்லை. நானும் மேடைக்கு மேலே இருந்ததை 4000 ஆக்கினேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய சிக்கல் நிறம் மட்டும் அல்ல. விளக்கு அவருடைய முதுகுக்குப் பின்னால் கூரை நடுவில் இருக்கிறது. அவர் நிழல் மேடை மேல் விழுகிறது. 6000 கெல்வின் போட்டாலும் நிழல் நிழல்தான். மேல் அலமாரியின் அடிவிளிம்பில், முகத்துக்கு முன்னால், ஒரு பட்டை விளக்கு (வரிசையாக எல்இடி பதித்த ஒட்டு நாடா) ஒட்டினால் முடிந்தது.

6000 கெல்வினைப் பற்றி: வெள்ளை எல்இடி என்று தனியாக எதுவும் இல்லை. நீல எல்இடியின் மேல் பாஸ்பர் பூசினால் வெள்ளை. அந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். பூச்சு குறைந்தால் நீலம் கூடுதலாகக் கசியும், லுமன் எண்ணிக்கையும் கூடும். விளம்பரத்தில் எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் குளிர்ந்த வெள்ளை வசதி. மர அலமாரிக்கு நடுவே உட்கார்ந்து அதை அனுபவிக்கப்போகிறவர் நீங்கள்.

கெல்வினோடு நிறத்தெளிவு எண்ணையும் (CRI) பாருங்கள். 90க்கு மேல் இருந்தால் சிவப்பு சிவப்பாகத் தெரியும். 70களில் இருந்தால் செந்நிறத் துணி செங்கல் தூள் போல இருக்கும். பலர் பெட்டியில் இதைப் போடுவதே இல்லை. போடவில்லை என்றால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று பொருள்.

ஜனவரி 23, சற்றுப் பின்

மஞ்சளித்த மூடியைத் துடைத்துவிட்டுப் பல்பு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். பல ஆண்டுச் சூட்டில் மஞ்சளான பிளாஸ்டிக்குப் பின்னால் 6000 கெல்வின் வைத்தால் பச்சையும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒரு மருத்துவமனை நிறம் வரும். மூடியே மாற்ற முடியாது என்றால் 4000 வையுங்கள். மூடி அதை வெதுவெதுப்பாக்கிவிடும்.

பிப்ரவரி 2

“புது எல்இடி எரியவே இல்லை, பழைய பல்பைப் போட்டால் எரிகிறது. பல்பு போலி.”

போலியாக இருக்க வேண்டியதில்லை. குண்டு பல்புக்குப் பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது. எல்இடிக்கு உண்டு, உள்ளே பிரிட்ஜ் (எப்படிச் செருகினாலும் மின்னோட்டத் திசையைச் சரிசெய்யும் சிறு சுற்று) வைத்திருந்தால் மட்டும் பேதமில்லை. செருகும் வகையும் இரட்டைக் கம்பி வகையும் என்றால் கழற்றித் திருப்பிச் செருகுங்கள், வேலை முடிந்தது. பக்கத்தில் முளை வைத்துத் திருகும் உலோக அடி என்றால் திருப்ப வழியில்லை. நடுப்புள்ளி பிளஸ், வெளிச்சட்டை மைனஸ் என்பது முறை. தயாரித்த இடத்தில் அவசரத்தில் மாற்றி இணைத்திருப்பார்கள். குண்டு பல்பு காட்டிக்கொடுக்கவில்லை, இத்தனை வருடம் ஓடிவிட்டது.

அப்படி மாற்றி இணைத்த விளக்கில் வெளிச்சட்டைக்குப் பிளஸ் வருகிறது. அது வண்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டால் ஷார்ட். ஆகவே பிரிட்ஜ் உள்ள பல்பைப் போட்டுச் சமாளிக்காமல் ஒயரையே சரி செய்யுங்கள். ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம். கார்களில் கறுப்பு மைனஸ். வட அமெரிக்கக் கேரவன்கள் பலவற்றில் 12 வோல்ட் இணைப்புக்கும் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். உங்கள் வண்டியில் என்ன என்பதை மல்டிமீட்டர் மட்டுமே சொல்லும்.

கை வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் மட்டும் போதாது. வெளி மின்சாரம் செருகியிருந்தால் கன்வெர்ட்டர் 12 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டையும் எடுங்கள்.

பிப்ரவரி 3

பியூஸ் பற்றி இருவர் கேட்டதற்கு ஒரே பதில். எல்இடி குறைவாக இழுக்கிறது என்பதற்காகப் பழைய 15 ஆம்பியர் பியூஸை மாற்ற வேண்டியதில்லை. அது சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பதற்காக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து தலைமுடி போன்ற மெல்லிய ஒயரில் பட்டை விளக்குக்குக் கிளை எடுக்கிறீர்கள் என்றால் அந்தக் கிளையின் தொடக்கத்திலேயே 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் தனியாக வேண்டும். 15 ஆம்பியர் பியூஸ் அசையும் முன்னே மெல்லிய ஒயர் எரிந்துவிடும், அதுவும் மரப்பலகைக்குப் பின்னால்.

பிப்ரவரி 9

டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. இந்த விஷயத்தில் உலகம் கொஞ்சம் தலைகீழானது.

12 வோல்ட் டிம்மர்கள் பெரும்பாலும் மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. வெட்டும் நேரம் கூடினால் மங்கல். ரெசிஸ்டர் வைத்த மலிவு எல்இடி இதற்கு அழகாகப் பணிகிறது. நான் மேலே புகழ்ந்த டிரைவர் பல்போ, வோல்ட் எப்படி ஆடினாலும் மின்னோட்டத்தை விடக்கூடாது என்று சபதம் எடுத்தது. டிம்மர் வெட்டும்போது அது நிமிர்த்தப் பார்க்கிறது. விளைவு, பாதி வரை மங்காமல் திடீரென்று துடித்து அணையும். டிம்மருக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதிய பல்பு இருந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. மங்கலாக்க வேண்டிய இடத்தில் பல்பே வேண்டாம், பட்டை விளக்கு. பட்டையில் இருப்பதும் மூன்று எல்இடி, ஒரு ரெசிஸ்டர்தான். வோல்ட் ஏற்ற இறக்கத்தை அது தாங்காது. எனவே பேட்டரிக்கும் டிம்மருக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் நிலைநிறுத்தி: உள்ளே 10 வந்தாலும் 15 வந்தாலும் வெளியே 12 தருவது. பேட்டரி, பியூஸ், நிலைநிறுத்தி, டிம்மர், பட்டை, இந்த வரிசையில். பட்டைக்கு வெப்பத் தொல்லையும் இல்லை, டிம்மருக்குச் சண்டையும் இல்லை.

அளவு: மீட்டருக்கு 60 சிறு எல்இடி உள்ள 4.8 வாட் பட்டை ஐந்து மீட்டருக்கு 24 வாட், 2 ஆம்பியர். 3 ஆம்பியர் நிலைநிறுத்தி போதும். மீட்டருக்கு 14.4 வாட் வரும் கனமான வகையை ஐந்து மீட்டர் ஓட்டினால் 72 வாட். பழைய குண்டு பல்பு நான்கை எரித்ததற்குச் சமம். எதற்காக இந்த வேலையைத் தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. அந்த நிலைநிறுத்தியும் டிரைவர் பல்புகளும் உள்ளே வேகமாக மின்சாரத்தைத் திறந்து மூடித்தான் வேலை செய்கின்றன. அதனால் ரேடியோ இரையலாம், ஆன்டெனா வழியாக வரும் தொலைக்காட்சி திணறலாம். சின்ன ரேடியோவை மீடியம் வேவில் வைத்து, நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது ‘ஙொய்’ என்று எழுகிறதோ அதுதான் குற்றவாளி. அதன் ஒயரை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றினால் சில சமயம் அடங்கும். அடங்காவிட்டால் வேறு தயாரிப்பைத் தேடுவதே வழி. ரேடியோவே கேட்காதவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

பிப்ரவரி 10, இரவு

“அணைத்த பிறகும் எல்இடி பேய் போல மங்கலாக எரிகிறது.” சுவிட்சில் சின்ன அடையாள விளக்கு இருக்கிறதா? அதன் வழியே கசியும் துளி மின்சாரம் குண்டு பல்புக்குப் போதாது, எல்இடிக்குப் போதும். அடையாள விளக்கு இல்லாத சுவிட்ச் போடுங்கள். பேய்க்கு வேறு பரிகாரம் தேவையில்லை.

பிப்ரவரி 21

டியூப்லைட் வைத்த கேரவன்காரர்கள் தங்களை மறந்துவிட்டதாகக் கோபிக்கிறார்கள்.

ஒன்றரை அடி, 15 வாட் குழாய். அதற்குள் 12 வோல்ட்டை உயர்வோல்ட் ஆக்கும் பேலஸ்ட் பெட்டி ஒன்று இருக்கும். குளிரில் எரிய மறுப்பது, ரீங்காரமிடுவது எல்லாம் இதன் கைங்கரியம். குழாயை எடுத்துவிட்டு அதே வடிவ எல்இடியைப் பேலஸ்டோடு செருகப் பார்க்காதீர்கள். பேலஸ்டைத் தூக்குங்கள், 12 வோல்ட் ஒயரை நேராக வெளியே கொண்டுவாருங்கள், வெள்ளைப் பூச்சுள்ள உலோகத் தட்டில் இரண்டு வரிசைப் பட்டை ஒட்டி இணையுங்கள். தட்டே வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், பழைய மூடியே வெளிச்சத்தைப் பரப்பும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. கழற்றிய குழாயில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், அதற்கென்று வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

மார்ச் 1

படுக்கை விளக்கு. 2700 கெல்வின், குறுகிய கதிர், தனிச் சுவிட்ச். பக்கத்தில் தூங்குகிறவர் முகத்தில் விழாமல் புத்தகத்தில் மட்டும் விழ வேண்டும். இதற்கு 100 லுமனே தாராளம். இரவில் எழுந்து நடக்கத் தரையோரம் ஒரு சிவப்புப் புள்ளி வெளிச்சம் போதும். சிவப்பு வெளிச்சத்தில் இருட்டுக்குப் பழகிய கண் அதிகம் கலையாது.

கதவுக்கு வெளியே இருக்கும் விளக்கு ஆம்பர் நிறத்தில் இருந்தால் பூச்சிகள் குறைவாக வரும். நீலமும் புறஊதாவும்தான் அவற்றை அதிகம் இழுக்கின்றன. வரவே வராது என்று சொல்லவில்லை.

மார்ச் 1, இன்னொன்று

“எல்லாம் எல்இடியாக்கிய பிறகும் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது” என்பவருக்கு: எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் ஒயரில் ஆம்பியர் அளந்து பாருங்கள். வாயுக் கசிவு எச்சரிப்பான், குளிர்பெட்டியின் மின்பலகை, வானொலியின் கடிகாரம் என்று சத்தமில்லாமல் இருபத்துநான்கு மணி நேரமும் உறிஞ்சுகிறவை இருக்கும். அரை ஆம்பியர் தொடர்ந்து போனால் நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. உங்கள் ஆறு எல்இடியும் மாலை முழுவதும் எரிந்ததைப் போல இரண்டு மடங்கு. குளிர்காலத்தில் ஹீட்டரின் காற்றாடி இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். விளக்கை இன்னும் குறைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது.

மார்ச் 15

ஒட்டிய பட்டை உரிந்து தொங்குகிறது என்று படம் போட்டிருக்கிறீர்கள். மூடி வைத்த வண்டி வெயிலில் நின்றால் முதுகுப் பசை இளகத்தான் செய்யும். அலுமினியக் காடியைத் திருகாணியில் முடுக்கி, பட்டையை அதற்குள் ஒட்டுங்கள். ஒட்டும் முன் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். இன்னொன்றும் படத்தில் தெரிகிறது: மூலையில் கவ்வும் இணைப்பான் போட்டிருக்கிறீர்கள். ஓடும் வண்டியில் அது குலுங்கிக் குலுங்கிக் கழலும். பட்டையை மூன்று எல்இடிக்கு ஒரு முறை வரும் செம்புக் கோட்டில் வெட்டி, ஒயரைச் சாலிடர் செய்து, மூலையில் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் சாலிடரும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.